தேர்வுக்கு முன் ஒரு தேர்வு

(கூட்டேரிப்பட்டில் நிகழ்த்திய ஜும்ஆ உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



  

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் நடுவே, மயிலம் செல்லும் சாலை பிரியும் இடத்தில் அமைந்திருப்பது நமது கூட்டேரிப்பட்டு. காலை நேரத்தில் இங்கே வந்து நின்று பாருங்கள். தோளில் பையுடன் நம் பிள்ளைகள் பேருந்துக்காகக் காத்திருப்பார்கள். சிலர் திண்டிவனத்திற்கு, சிலர் விழுப்புரத்திற்கு, சிலர் மயிலத்திற்கு, சிலர் புதுச்சேரிக்கு. அவர்களில் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளைகள். ஒருவருடைய அத்தா வளைகுடா நாட்டில் வெயிலில் நிற்கிறார். இன்னொருவருடைய அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருக்கிறார். மாலையில் அதே பிள்ளைகள் அதே இடத்தில் வந்து இறங்குகிறார்கள். காலையில் புறப்பட்டபோது இல்லாத எந்த அறிவு மாலையில் அவர்களிடம் இருக்கிறது? இக்கேள்வியைப் பெற்றோர் கேட்பதில்லை. அந்தப் பிள்ளைகளும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு தந்தையின் கண்ணீர்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து அனைவரும் சென்ற பிறகு, ஒரு தந்தை தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் மளிகைக் கடை வைத்திருப்பவர். மகன் பொறியியல் கல்லூரியில் நான்காம் ஆண்டு மாணவர். வேலைக்கு ஆள் எடுக்க ஒரு நிறுவனம் கல்லூரிக்கு வந்திருக்கிறது. அரியர் உள்ளவர்கள் அந்தத் தேர்வில் அமரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் மகனுக்கு ஆறு பாடங்களில் அரியர் இருப்பது தந்தைக்குத் தெரிய வந்தது. நான்கு பருவங்களாக வீட்டில் மறைத்து வந்திருக்கிறார்.

"ஹஜ்ரத், என் கடையில் எந்த டப்பாவில் எத்தனை பிஸ்கட் மீதி இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டதே!" என்று கூறி அவர் அழுதார்.

நான் அந்தத் தம்பியைப் பார்த்து, "ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் கூறிய பதிலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. "முதலில் நான் மறைக்கவில்லை ஹஜ்ரத். எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் நோட்ஸை மூன்று தடவை படித்தேன். படிக்கும்போது எல்லாம் புரிந்தது. தேர்வு நன்றாக எழுதுவேன் என்றுதான் போனேன். கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. இரண்டு பாடங்கள் போன பிறகுதான் வீட்டில் சொல்லப் பயந்தேன்."

கண்ணியத்திற்குரியவர்களே! அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். அவர் தம் தந்தையை ஏமாற்றுவதற்கு முன்பே, தம்மை அறியாமல் தம்மையே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

இதில் என் குறை ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே தம்பி தேர்வுக்கு முதல் நாள் என்னிடம் பேனாவை நீட்டி ஓதித் தரச் சொன்னார். நான் ஓதிக் கொடுத்தேன், துஆவும் செய்தேன். "தம்பி, எந்தப் பாடம் தெரியும், எது தெரியாது?" என்ற ஒரு வார்த்தையை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருடைய நான்கு பருவங்கள் இப்படி வீணாகியிருக்காதோ என்ற எண்ணம் என்னை உறுத்துகிறது. ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு வழிகாட்டிய நபியின் உம்மத் நாம். நான் துஆவை மட்டும் சொல்லிக் கயிற்றை மறந்துவிட்டேன்.

தன் கணக்கைத் தானே பார்ப்பது

மார்க்கத்தில் இதற்கு 'முஹாஸபா' என்று பெயர். அதாவது, தன்னைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்வது. ஒவ்வோர் ஆத்மாவும் நாளைக்காகத் தான் எதை அனுப்பி வைத்திருக்கிறது என்று கவனிக்க வேண்டும் என அல்லாஹ் அல்ஹஷ்ர் அத்தியாயத்தில் கட்டளையிடுகிறான். மறுமையில் மனிதனின் ஏடு அவனிடமே கொடுக்கப்பட்டு, அதை அவனே படித்துத் தன் கணக்கைப் பார்க்கும்படி சொல்லப்படும் என்பதை பனூ இஸ்ராயீல் அத்தியாயம் உணர்த்துகிறது. பிறர் நம்மைக் கணக்குக் கேட்பதற்கு முன் நாமே நம்மைக் கணக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் செய்த உபதேசம் நம் அனைவருக்கும் தெரிந்ததே. கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்தாய் என்பதும் மறுமையில் விசாரிக்கப்படும் கேள்விகளில் ஒன்று என ஹதீஸில் வந்திருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் இதற்கென்றே ஒரு தனிப்பகுதி வரைந்துள்ளார்கள். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட உவமை வியாபாரம். ஒரு வியாபாரி தன் கூட்டாளியிடம் பணத்தைக் கொடுக்கும்போது முதலில் நிபந்தனை பேசுகிறான். பிறகு அவனைக் கண்காணிக்கிறான். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். குறை இருந்தால் அதற்குரியதைச் செய்கிறான். மனிதனும் தன் மனத்துடன் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று இமாம் அவர்கள் படிப்படியாக விளக்குகிறார்கள். காலையில் மனத்துடன் ஒப்பந்தம், பகலில் கண்காணிப்பு, இரவில் கணக்கு.

இமாம் அவர்கள் ஈமானையும் அமல்களையும் முன்வைத்தே இதை எழுதினார்கள். எனினும், கல்வி கற்பதும் நிய்யத் சரியாக இருந்தால் ஓர் அமல்தான். பெற்றோரின் வியர்வையைச் செலவழித்துக் கற்கும் கல்வி ஓர் அமானிதமும்கூட. அமானிதத்திற்குக் கணக்கு வேண்டாமா? அந்த மளிகைக் கடைக்காரர் ஒவ்வோர் இரவும் கல்லாப் பெட்டியை எண்ணாமல் படுப்பதில்லை. ஆண்டு முடிவில் ஐந்தொகை போடாத வியாபாரம் உண்டா? நான்கு ஆண்டுக் கல்விக்கு மட்டும் இருப்பு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பார்க்க ஏன் ஓர் ஏடு இல்லை?

படித்தது போல் தோன்றும் மயக்கம்

'எனக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் போகுமா?' என்று நீங்கள் கேட்கலாம். போகும். அதுதான் மனித மனத்தின் பலவீனம்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்ரூகர், டன்னிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர்களுக்கு இலக்கணம், தர்க்கம் போன்றவற்றில் தேர்வு வைத்து, தாங்கள் எந்த இடத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள் என்றும் கேட்டனர். கடைசி வரிசையில் இருந்தவர்கள், நூறு பேரில் சராசரியாகச் சுமார் 12 பேரை மட்டுமே முந்தியிருந்தார்கள். ஆனால் தாங்கள் 62 பேரை முந்திவிட்டதாக அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்! ஒரு கலையில் அறிவு குறைவாக இருக்கும்போது, அந்தக் குறையைக் கண்டுகொள்ளும் அறிவும் சேர்ந்தே குறைந்துவிடுகிறது.

2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்பிக் என்ற இருவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு கட்டுரையை நான்கு வேளைகளிலும் திரும்பத் திரும்பப் படித்தனர். இன்னொரு பிரிவினர் முதல் வேளையில் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று வேளைகளிலும் கட்டுரையை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தி நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 விழுக்காடே நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதல் நம்பிக்கையோடு இருந்தவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம்!

அந்தத் தம்பி, 'மூன்று தடவை படித்தேன், புரிந்தது' என்று கூறியதன் பொருள் இதுவே. படித்த வரியை மறுபடியும் பார்க்கும்போது கண்ணுக்கு அது பழக்கமாகத் தெரிகிறது. பழகிய முகம் வேறு. அறிந்த மனிதர் வேறு. பேருந்தில் தினமும் பார்க்கும் ஒருவரின் முகம் நமக்குத் தெரியும். அவர் பெயரைச் சொல் என்றால் விழிப்போம். ஏட்டை மூடிய பிறகு எது நம்மிடம் மிஞ்சுகிறதோ, அதுவே நம் அறிவு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை

ஆய்வாளர்கள் இப்போது கண்டறிந்து சொல்லும் இம்முறை நமக்குப் புதிதன்று.

பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உறங்கச் செல்லும்போது ஓத வேண்டிய ஒரு துஆவைக் கற்றுக் கொடுத்தார்கள். கேட்டுவிட்டுப் புரிந்தது என்று அவர் எழுந்து போய்விடவில்லை. அந்த இடத்திலேயே நபியவர்களிடம் அதைத் திருப்பி ஓதிக் காட்டினார்கள். அப்போது நபி என்ற சொல் வரவேண்டிய இடத்தில் ரசூல் என்று ஓதிவிட்டார்கள். நபியவர்கள் உடனே திருத்தினார்கள். சிந்தித்துப் பாருங்கள்! ஒரே ஒரு சொல். திருப்பி ஓதிக் காட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பிழை யாருக்கும் தெரியாமலே அவருடன் தங்கியிருக்கும்.

ஒரு மனிதர் பள்ளிக்கு வந்து அவசர அவசரமாகத் தொழுதார். திரும்பிச் சென்று மீண்டும் தொழும்படி நபியவர்கள் அவரை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். இறுதியில், இதைவிட நன்றாகத் தொழ எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே வேண்டினார். அதன் பிறகே நிதானமாகத் தொழும் முறையை நபியவர்கள் விளக்கினார்கள். தனக்குத் தெரியாது என்பதை அவரே உணர்ந்து வாய்திறந்து சொன்ன அந்த நொடியில்தான் அவருக்குக் கல்வியின் கதவு திறந்தது.

இன்னொரு நாள், முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று நபியவர்கள் தம் தோழர்களிடம் கேள்வி கேட்டார்கள். பலரும் காட்டு மரங்களை நினைத்தார்கள். அது பேரீச்ச மரம் என்று இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் தோன்றியது. பெரியவர்கள் இருக்கும் சபையில் பேச வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். பின்னர் இதை அறிந்த அவர்களுடைய தந்தை உமர் (ரலி) அவர்கள், மகன் அதைச் சொல்லியிருந்தால் தமக்கு மிகவும் பிடித்தமாக இருந்திருக்கும் என்று கூறினார்கள். வகுப்பறையில் கை தூக்க வெட்கப்படும் பிள்ளைகளும் அவர்களின் தந்தைமார்களும் இந்த நிகழ்ச்சியை வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று உண்டு. ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நபியவர்களுடன் குர்ஆனை ஓதிச் சரிபார்ப்பார்கள். நபியவர்கள் வஃபாத்தான ஆண்டில் இரண்டு முறை அவ்வாறு நடந்தது. வஹீ யார் மீது இறங்கியதோ அந்த நபிக்கே ஆண்டுதோறும் மறுபார்வை இருந்தது என்றால், தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டும் புத்தகத்தைத் தொடும் நாம் எம்மாத்திரம்?

இந்த ஸுன்னத்தின் வழியில்தான் நம் ஹிஃப்ளு மதரஸாக்கள் இன்றும் நடக்கின்றன. ஹாஃபிழாகும் மாணவர் புதுப்பாடத்தை மட்டும் ஒப்பித்தால் போதாது. அண்மையில் முடித்த பாடத்தையும், பழைய பாடத்தையும் முறை வைத்து ஒப்பிக்க வேண்டும். கட்டிய ஒட்டகத்தைக் கவனித்துக்கொண்டால் நிற்கும், விட்டால் ஓடிவிடும் என்று மனனம் செய்த குர்ஆனைப் பற்றி நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பத்து வயதுச் சிறுவனுக்குத் தன் எந்த ஜுஸ்உ உறுதியாக இருக்கிறது, எது ஆட்டம் காண்கிறது என்று துல்லியமாகத் தெரியும். இருபது வயதுப் பட்டதாரிக்குத் தன் பாடத்தில் அது தெரியவில்லை.

கொள்ளைக்காரன் கற்பித்த பாடம்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மாணவராக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஜுர்ஜான் நகரில் கற்றுவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் வழிமறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டனர். இமாம் அவர்கள் பின்தொடர்ந்து சென்று, தாம் எழுதி வைத்த பாடக் குறிப்புகளையாவது திருப்பித் தருமாறு கெஞ்சினார்கள். கொள்ளையர் தலைவன் சிரித்தான். நாங்கள் பையை எடுத்துக்கொண்டதும் கல்வியே இல்லாமல் போய்விட்டாய் என்றால், நீ எதைக் கற்றாய் என்ற கருத்தில் அவன் கேட்டான். குறிப்புகளைத் திருப்பியும் கொடுத்துவிட்டான். அவனைப் பேச வைத்தவன் அல்லாஹ்தான் என்று உணர்ந்த இமாம் அவர்கள், தூஸ் நகரம் வந்து மூன்று ஆண்டுகள் அமர்ந்து, அக்குறிப்புகள் அனைத்தையும் உள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

தம்பிமார்களே! இன்று உங்கள் பை, உங்கள் செல்போன். ஆசிரியர் அனுப்பிய கோப்புகள் அதில் இருக்கின்றன. நண்பனின் நோட்ஸ் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்த தாள்கள் மேசையில் இருக்கின்றன. கேட்ட கேள்விக்கு நொடியில் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இப்போது வந்துவிட்டன. அவை தந்த விடையைப் பார்த்து எழுதிக் கொடுத்தவர் தாமே எழுதியதாக எண்ணிக்கொள்கிறார். இவை எல்லாம் நல்ல உதவிகளே. ஹராம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொள்ளைக்காரன் வந்து செல்போனை வாங்கி வைத்துக்கொண்டால் உங்களிடம் என்ன மிஞ்சும்? நேர்முகத் தேர்வு நடத்தும் அதிகாரி செய்வது அதைத்தானே!

மதிப்பெண்ணும் சில நேரங்களில் நம்மை ஏமாற்றும். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், தமிழக அரசு அரியர் தேர்வுகளை ரத்து செய்து மாணவர்களுக்குத் தேர்ச்சி அறிவித்தது. கட்டணம் கட்டியிருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். வழக்கு நடந்து, 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்க மறுத்துத் தேர்வை நடத்தச் சொன்னது. அந்தச் சட்டப் பிரச்சினைக்குள் நான் போகவில்லை. நமக்குரிய பாடம் ஒன்றே. தேர்வை அரசு தள்ளுபடி செய்யலாம். அறியாமையைத் தள்ளுபடி செய்ய எந்த அரசாலும் இயலாது.

விழுப்புரத்தில் இறங்கிய ஓர் இளைஞர்

நம் பகுதியோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. 1910ஆம் ஆண்டு கும்பகோணத்திலிருந்து இரயிலேறி வந்த ஓர் இளைஞர், நம் விழுப்புரம் சந்திப்பில் இறங்கி, வண்டி மாறித் திருக்கோவிலூர் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் இராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். வேலை கேட்டு வந்த அந்த இளைஞரிடம் காட்டுவதற்குப் பட்டம் ஏதும் இல்லை. கையில் இருந்தவை தாம் கண்டறிந்த கணித முடிவுகளை வரிசையாக எழுதி வைத்த நோட்டுகள் மட்டுமே. அவற்றைப் பார்த்த இராமசாமி ஐயர், இவரை ஒரு சாதாரண எழுத்தர் வேலையில் போட்டு வீணடிக்க மனம் வராமல், சென்னையிலிருந்த கணித அறிஞர்களிடம் அறிமுகம் செய்து அனுப்பினார். அந்த இளைஞர்தான் கணித மேதை இராமானுஜன். 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றதையும், 1918இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி உறுப்பினரானதையும் உலகம் அறியும்.

இதில் இரண்டு படிப்பினைகள் இருக்கின்றன. சான்றிதழ் மூடிய கதவை, தன் அறிவைத் தானே பதிந்து வைத்த ஏடு திறந்தது, இது முதலாவது. இரண்டாவதைப் பலரும் சொல்வதில்லை. அதே இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். காரணம், கணிதத்தில் மூழ்கி ஆங்கிலம் முதலிய மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் விட்டதுதான். பிடித்த பாடத்திற்கு ஏடு இருந்தது; பிடிக்காத பாடத்திற்கு ஏடு இல்லை. மேதைக்கே அதனால் பல ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. நாம் மேதைகள் அல்லர்; ஆகவே பிடிக்காத பாடத்தின் பக்கத்தைத்தான் நாம் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

அறிவுரை மட்டும் சொல்லி அனுப்பினால், பேனாவை ஓதிக் கொடுத்த அதே தவற்றை நான் மறுபடியும் செய்தவனாவேன். எனவே எளிதான சில வழிகளைக் கூறுகிறேன்.

ஒன்று: பருவத்தின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பாடத்திற்கும் உரிய பாடத்திட்டத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பொறியியல் பாடங்கள் பெரும்பாலும் ஐந்து அலகுகளாக இருக்கும். ஒவ்வோர் அலகிற்கும் ஒரு கட்டம் போடுங்கள். நூலைப் பார்க்காமல் எழுத முடிந்தால் ஒரு குறி. பாதி வந்தால் வேறொரு குறி. வராவிட்டால் வெற்றாக விடுங்கள். வெறுமனே 'படித்துவிட்டேன்' என்பதற்குக் குறி போடாதீர்கள்.

இரண்டு: தினமும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நூலையும் செல்போனையும் மூடி வைத்துவிட்டு, அன்று நடந்த பாடத்தை வெற்றுத் தாளில் எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து, விட்டதையும் பிழையானதையும் வேறு நிற மையால் திருத்துங்கள். அந்த வேறு நிறம்தான் உங்கள் ஆசிரியர்.

மூன்று: வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்துப் பாடத்துடன் ஒரு பழைய பாடத்தையும் எடுத்து எழுதிப் பாருங்கள். முந்தைய ஆண்டுகளின் கேள்வித்தாள்களை, தேர்வு நெருங்கும்போது திறக்காமல், ஓர் அலகு முடிந்தவுடனே திறந்து பாருங்கள்.

நான்கு: கற்றதை ஒருவருக்கு விளக்குங்கள். தம்பி, தங்கை, ஏன், உங்கள் அம்மாவுக்கே விளக்குங்கள். 'அது ஏன் அப்படி?' என்று அவர்கள் கேட்கும் இடத்தில் நீங்கள் நின்றுவிட்டால், பள்ளம் அங்கேதான் இருக்கிறது.

ஐந்து: கல்லூரியின் உள் தேர்வுகளை அலட்சியம் செய்யாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறை, எழுத்துத் தாள்களுக்கு 40 விழுக்காட்டை அக மதிப்பீட்டிற்கும் 60 விழுக்காட்டைப் பருவ இறுதித் தேர்வுக்கும் வைத்தது. ஆனால் மதிப்பெண்ணுக்காக மட்டும் அதை நான் சொல்லவில்லை. உள் தேர்வின் விடைத்தாள் என்பது உங்கள் நோயை முன்கூட்டியே காட்டும் இரத்தப் பரிசோதனை. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், எந்தக் கேள்வியில் ஏன் குறைந்தது என்று எழுதி வையுங்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். அதில் வாராவாரம் பயிற்சிக் கேள்விகளும் வருகின்றன. ஊர் சிறிது என்பது இனி ஒரு காரணமாகாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கணக்குப் பார்ப்பது வேறு. மனம் உடைவது வேறு. கட்டங்கள் காலியாக இருப்பதைக் கண்டு 'நான் எதற்கும் உதவாதவன்' என்று நினைப்பது ஷைத்தானின் ஊசலாட்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கு உங்களுக்கு வேண்டாம். போன வெள்ளிக்கிழமை இருந்த உங்களையும் இந்த வெள்ளிக்கிழமை இருக்கும் உங்களையும் ஒப்பிட்டால் போதும். அறிவை அதிகப்படுத்தித் தரும்படி கேட்குமாறு தன் நபிக்கே அல்லாஹ் தாஹா அத்தியாயத்தில் கட்டளையிட்டிருக்கிறான். அதிகமாவதைக் கேட்பவர், இருப்பது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

பெற்றோர்களே!

உங்களிடம் ஒன்றைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் 'மார்க் எவ்வளவு?' என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். 'இன்று எது புரியவில்லை?' என்று கேளுங்கள். புரியாததைச் சொன்ன பிள்ளையை ஏசாதீர்கள். உண்மைக் கணக்குக் காட்டியவனை அடித்தால், அடுத்த முறை அவன் பொய்க் கணக்கு எழுதுவான். கடையில் வேலை செய்யும் பையனிடம் நீங்கள் கண்டறிந்த உண்மைதான் இது. பெற்ற பிள்ளையிடம் மறந்துவிடுகிறீர்கள். அத்தா வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் பேசும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்காக ஒதுக்கட்டும். படிக்காத தாய், 'எனக்கென்ன தெரியும்' என்று ஒதுங்க வேண்டாம். வெற்றுக் கட்டம் எது, குறி போட்ட கட்டம் எது என்று பார்ப்பதற்குப் பட்டம் தேவையில்லை. பெண் பிள்ளைகளின் படிப்பிலும் இதே அக்கறை வேண்டும். 'கட்டிக் கொடுக்கும் வரைதானே' என்று விட்டுவிடுவது அமானிதத்தில் குறை செய்வதாகும்.

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களைப் படிக்க வைக்க அவர்களுடைய சகோதரி தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்கள். சென்னை எம்.ஐ.டி.யில் அவர்களுடைய விமான வடிவமைப்பு வேலை பின்தங்கியதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாட்களுக்குள் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று கண்டிப்புடன் கூறினார். கலாம் அவர்கள் இரவும் பகலும் உழைத்து முடித்தார்கள். நகையைக் கொடுத்த அன்பும், நிலைமையை மறைக்காமல் சொன்ன கண்டிப்பும் சேர்ந்தே அவர்களை உயர்த்தின. நம் வீடுகளில் நகை கொடுக்கும் அன்பு நிறைய இருக்கிறது. நிலைமையைச் சொல்பவர்கள்தாம் குறைவு. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், அந்த வேலையைப் பிள்ளைகளே தங்களுக்குச் செய்துகொள்ளப் பழக வேண்டும்.

நான் தொடக்கத்தில் கூறிய தம்பியின் விஷயத்திற்கு வருகிறேன். அன்று பள்ளியிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் ஆறு பாடங்களுக்கும் முப்பது கட்டங்கள் போட்டோம். ஒரு வாரம் தன்னைத் தானே சோதித்துவிட்டு அவர் அந்தத் தாளுடன் திரும்பி வந்தார். ஒன்பது அலகுகள் நன்றாகத் தெரியும். பதினொன்று பாதி தெரியும். பத்து அறவே தெரியாது. "இத்தனை வருடத்தில் இதை இப்போதுதான் பார்க்கிறேன் ஹஜ்ரத்" என்றார். அடுத்து வந்த தேர்வில் நான்கு பாடங்களில் தேர்ச்சி பெற்றுவிட்டார், அல்ஹம்து லில்லாஹ். இரண்டு இன்னும் நிற்கின்றன. சென்ற வாரம் அவருடைய தந்தையைக் கடையில் பார்த்து விசாரித்தேன். "பாக்கி இருக்கிறது ஹஜ்ரத். ஆனால் எவ்வளவு பாக்கி என்று இப்போது எங்கள் இருவருக்கும் தெரியும்" என்றார்.

பிரியமானவர்களே! இன்று இரவு நீங்கள் கடையை அடைத்துக் கல்லாவை எண்ணும் நேரத்தில், உங்கள் பிள்ளையும் ஒரு வெற்றுத் தாளை எடுத்து உட்காரட்டும். இருவரும் அவரவர் கணக்கை முடித்துவிட்டு உறங்குங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், தம் குறையைத் தாமே காணும் கண்களையும், அதைச் சீர்செய்யும் மன உறுதியையும், நமக்கு அவர்களின் உண்மையைத் தாங்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! நம் கணக்கை இம்மையிலேயே சரிசெய்து, மறுமையின் கணக்கை எளிதாக்கி வைப்பானாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!